குதிரைக்குத் தேய்த்த கை

துரை குதிரையை விற்றுவிட்டு மோட்டார் வாங்கி வந்த அன்றே என் பிழைப்பு போயிற்று என்று நினைத்தேன். நான் அவருடைய குதிரைக்காரன். இலங்கை மலைநாட்டில் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. குதிரை லாயத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள், ஒழுகாத அறை. என் பெண்சாதிக்கு மூச்சிழுப்பு நோய், ஈரம் ஆகாது. பங்களா ஆளின் மனைவி என்பதால், விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் போய் நின்று மழையில் கொழுந்து எடுக்கும் தலையெழுத்து அவளுக்கு இல்லாமல் இருந்தது. அந்த அறை போனால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும்.

மோட்டாரைக் காட்டி, இனிமேல் இதைத் துடை என்றார் துரை. அந்தச் சனியனைத் துடைத்தேன். குதிரையைத் தேய்க்கிற மாதிரியே, சாக்குத் துணியை முறுக்கி, வட்டம் வட்டமாக, அழுத்தி. குதிரை என்றால் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். இதுவோ உடம்பெல்லாம் மண்ணோடு வந்த வண்டி. சில நாளில் வெயில் பட்டதும் கறுப்பு வார்னிஷ் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல் தெரிந்தது.

துரை தமிழில் திட்டினார். மற்றதெல்லாம் அரைகுறை, கெட்ட வார்த்தை மட்டும் அவருக்குச் சுத்தமாக வரும். கடைசியில், "கோடு எல்லாம் போகணும். போகலே, நீ மலைக்குப் போ," என்றார். மலை என்றால் தேயிலைக்குள் கூலி வேலை.

கொழும்பிலிருந்து மாவு போன்ற கல்பொடியும் எண்ணெயும் வரவழைத்தார். தண்ணீரை ஊற்றி ஊற்றியே மண்ணை இறக்க வேண்டும். பிறகு மெல்லிய துணியில் எண்ணெயும் பொடியும் தொட்டு, நீளவாக்கில் மட்டும், விரல் கனம்கூட விழாமல் தேய்க்க வேண்டும். அழுத்தினால் வார்னிஷே போய்விடும். கடைசிப் பளபளப்புக்குத் துணியும் ஆகாது, வெறும் உள்ளங்கைதான். என் கை லகான் பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் காய்ப்பே கீறிவிடும் என்று பயந்து அதைக் கல்லில் உரசி எடுத்தேன். தன்னை ஒருநாளும் இவ்வளவு பதமாகத் தொட்டதில்லையே என்று என் பெண்சாதி கேலி செய்தாள்.

சீக்கிரம் முடித்தால் துரை மனம் குளிரும் என்று, விடிந்தது முதல் பொழுது சாயும்வரை அதே வேலையாகக் கிடந்தேன். மழைக்காலத்துக்கு முன்பே முடிந்தது. துரை வண்டியை வெயிலில் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. என் தோளில் தட்டினார். மடையன் நான், அறை தப்பியது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வாரம் ஹாலிஎலப் பக்கத்துத் துரை ஒருவர் வந்தார். வண்டியைத் தடவிப் பார்த்தார், வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். விற்பதற்குத்தான் என்னைத் தேய்க்க வைத்திருக்கிறார். பங்களாச் சமையற்காரனுக்குத் தெரியுமாம், எனக்குத்தான் ஒரு பாவியும் சொல்லவில்லை. புது மோட்டார் வந்தது. அதை ஓட்டவும் துடைக்கவும் கொழும்பு ஆள் ஒருவனும் கூடவே வந்தான். அவனுக்கு எங்கள் அறை வேண்டியிருந்தது.

அவளுக்கு இழுப்பு, மழை முடியும்வரையாவது விடுங்கள் என்று துரையிடம் கெஞ்சினேன். அவருக்குப் புரிந்தது. "வண்டி போச்சு. உன் வேலை போச்சு," என்றார், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒழுகுகிற மூலைக் காம்பரா அறையைக் கொடுத்தார்கள். கொழுந்தெடுக்கிற ஆட்களோடு பெரிய கங்காணி அவள் பேரையும் சேர்த்துக்கொண்டார். சட்டிபானையைக் கட்டும்போது அவள் அழவில்லை. "இன்னுங் கொஞ்சம் மெதுவாத் தேய்ச்சிருந்தா அதுக்குள்ள மழை முடிஞ்சிருக்குமேங்க," என்று மட்டும் சொன்னாள்.

மழை விடுவதற்குள் அவளைத் தேயிலைக்குள் புதைத்தோம்.