குசினிக்குள் போன வாய்க்கால்

சித்தப்பா திருகோணமலை நில அளவைக் கந்தோரிலிருந்து பழைய வரைபடத்தின் பிரதியை வாங்கி வந்தபோது, கட்டைபறிச்சானில் அவருடைய நெற்பயிர் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலான அவருடையதை எட்டவில்லை. பக்கத்து வளவுக்காரர் பழைய வாய்க்காலைத் தூர்த்து மாட்டுக்கொட்டில் போட்டுவிட்டார் என்பது சித்தப்பாவின் வழக்கு. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளையோடு நான் விளையாடுவதும் நின்றுபோனது. எனக்கு அதுதான் பெரிய நட்டம்.

வரைபடத்தில் மேடுபள்ளங்களைக் காட்டும் மண்ணிறக் கோடுகள் சிக்கெடுக்காத என் தலைமயிர்போல நெளிந்தன. நடுவே ஒரு நீலக்கோடு.

“இதுதான் வாய்க்கால். இனி ஆர் என்ன கதைக்க ஏலும்?” என்றார் சித்தப்பா.

மறுநாள் காலை ஊரில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வளவுக்காரரை வேலியோரம் கூப்பிட்டார். அவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி நிதானமாக வந்தார்.

“குளத்தடியிலயிருந்து படத்தைப் பார்த்து நடப்பம். கோடு என்ர கொட்டிலுக்குள்ள வந்தா நானே பிடுங்கிறன்.”

நடந்தோம். வரைபடத்தின் ஒரு முனை என் கையில். கோயில் சரியாக இருந்தது, பாறை சரியாக இருந்தது, வளைவும் சரி. மாட்டுக்கொட்டிலும் வந்தது. நீலக்கோடோ அதைத் தொடாமல் விலகி, எங்கள் வேலியைக் கடந்து, சித்தி சோறு வடித்துக்கொண்டிருந்த புதுக் குசினிக்குள் நேராக நுழைந்தது.

“வாய்க்காலுக்கும் பசிபோல” என்றார் பக்கத்து வளவுக்காரர். வந்தவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சித்தப்பா படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பலனில்லை. பிறகு பானை சட்டிகளை முற்றத்துக்கு மாற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். சற்று நேரத்தில் பக்கத்து வளவுக்காரரும் தன் மண்வெட்டியோடு வேலி தாண்டி வந்தார். பின்னேரம், இடித்த சுவர்களுக்கு நடுவே தண்ணீர் சலசலவென்று வயலுக்கு ஓடியது. முழங்காலளவு தண்ணீரில் நானும் அந்த வீட்டுப் பிள்ளையும் குதித்தோம்.

முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டிய சித்தியின் அருகே சித்தப்பா போய் நின்றார்.

“பள்ளத்தில குசினி வேண்டாமெண்டு நீர் அண்டைக்கே சொன்னனீர்” என்று முணுமுணுத்தார்.

“என்ன? காது கேக்கேல்லை.”

அவர் பலமாகச் சொன்னார். சித்தி முகத்தைத் திருப்பாமல் மறுபடியும் கேட்கவில்லை என்றார்.

பாவம், சித்திக்குக் காதில் ஏதோ வருத்தம் என்று நினைத்து, நான் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தேடி ஓடினேன்.