சட்டப்படி சின்னப்பாவின் மனைவி

சின்னப்பா குழந்தையைக் கூட்டிக்கொண்டு போன நேரத்தில் அஞ்சலை பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் இருந்த வீட்டுக்குத் திரும்பியபோது வாசல் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி மலாயில் சொன்னாள்: தகப்பன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் லோரியில் வந்தான், ஜெயா முதலில் மிரண்டது, பிறகு அவன் நீட்டிய ஐஸ் கட்டியை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டது.

அவன் தகப்பன்தான். அதில் பொய் இல்லை. ஆனால் ஆறு வருஷமாக அந்தத் தகப்பனை ஜெயா பார்த்ததில்லை.

அஞ்சலை கித்தாத் தோட்டத்து ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து, அங்கேயே சின்னப்பாவின் தாலிக்குக் கழுத்தை நீட்டியவள். அவன் தோட்டத்து லோரி ஓட்டினான். அடித்தான், குடித்தான். இவை இரண்டையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த லயத்தில் எந்த வீட்டில்தான் அவை இல்லை? கைக்குழந்தையோடு அவள் படுத்திருந்த அறைக்கே அவன் இன்னொருத்தியைக் கூட்டி வந்தபோதுதான் எழுந்து வெளியே வந்தாள்.

கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். கங்காணி சேதுபதி நடுவில் இருந்தார். அவர்கள் சனத்தில் ஒரு கல்யாணத்தை முறித்துவிட ஒரு துரும்பு போதும். கூரையிலிருந்து உருவிய துரும்பைச் சின்னப்பா இரண்டாகக் கிள்ளிப் போட்டான். அஞ்சலை தாலியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அப்புறம் அவன் அவளுக்கு யாருமில்லை, அவள் அவனுக்கு யாருமில்லை. குழந்தை பால் மறந்ததும் அப்பன் வீட்டுக்கு வரவேண்டும், சம்மதமா என்று சேதுபதி கேட்டார். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு அவளுக்குத் தப்பித்து வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. குழந்தை பால் மறந்தது; சின்னப்பா கேட்டு வரவில்லை.

மலாக்கா டவுனுக்கு வந்து வீட்டு வேலை செய்தவளைப் பொன்னையா பார்த்தான். தண்ணீர் இலாகாவில் குழாய் பழுது பார்ப்பவன். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய காஜா பெராங் செட்டிமார் குடும்பத்தவன். சாமி கும்பிடும்போது நாலு தமிழ்ச் சொல் வரும், மற்றபடி வீட்டுப் பேச்சு மலாய். கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். அவனை நல்லவன் என்று சொல்லலாம். கெட்டவனாக இருக்கும் அளவுக்கு அவனிடம் வேகம் இல்லை என்றும் சொல்லலாம். ஜெயா அவனைப் 'பாபா' என்று கூப்பிட்டது.

இப்போது சின்னப்பாவுக்குக் குழந்தை ஏன் வேண்டியிருந்தது என்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான். இரண்டாமவளுக்கு வயிறு திறக்கவில்லை. அஞ்சலை இன்னொருவனோடு நன்றாக இருக்கிறாள் என்ற சேதியும் போயிருந்தது.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆற்றோரக் கடைவீட்டின் மாடியில் யாழ்ப்பாணத்து லாயர் பொன்னுதுரை இருந்தார். அஞ்சலை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், துரும்பு வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"கோர்ட்டில விவாகரத்து வாங்கேல்லையோ?"

"கோர்ட்டுக்கு எதுக்குங்க போகணும்? பெரியவங்க முடிச்சு வெச்சுட்டாங்க."

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். போயிருந்தாலும் கிடைத்திருக்காது. ஒருவனுக்கு ஒருத்தி என்று பதிந்து செய்த கல்யாணத்தைத்தான் இங்குள்ள விவாகரத்துச் சட்டம் பிரிக்கும். இந்து வழக்கத்தில் ஆண் இன்னொருத்தியையும் கட்டலாம். ஆகவே அந்தக் கல்யாணத்துக்கு அந்தச் சட்டத்தில் வாசலே இல்லை. துரும்பு கிள்ளுவது பழைய வழக்கம் என்று சாட்சி வைத்து நிரூபித்தால் அவள் பிரிந்தவள், பொன்னையாவின் மனைவி. நிரூபிக்காவிட்டால் இன்றும் சின்னப்பாவின் மனைவி. பிற ஆணோடு குடியிருப்பவள். அப்படிப்பட்ட வீட்டுக்குக் குழந்தையைக் கொடுக்க நீதிபதி தயங்குவார்.

"அவரும்தானே இன்னொருத்தியோட இருக்காரு?"

"அது கல்யாணம், பிள்ளை. வழக்கப்படி சரி."

"நான் சொல்றதும் வழக்கம்தானே, சார்?"

"ஓம். ஆனா அதை நீர் நிரூபிக்க வேணும்."

ஆணின் வழக்கம் காற்றுப்போல எல்லா இடத்திலும் முன்பே இருக்கிறது. பெண்ணின் வழக்கத்துக்குத்தான் ஆளைக் கூட்டி வந்து சத்தியம் வாங்க வேண்டியிருக்கிறது. இதைப் பொன்னுதுரை சொல்லவில்லை. படி இறங்கும்போது அஞ்சலைக்கே தோன்றியது. தோன்றி என்ன பயன்?

சேதுபதி அப்போது புக்கிட் பாருவில் மகன் வீட்டில் இருந்தார். சாட்சி சொல்ல உடனே ஒப்புக்கொண்டார். எத்தனையோ குடும்பத்துக்குத் தாம் துரும்பு எடுத்துக் கொடுத்ததைப் பெருமையாகச் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும், தாமாக எதையும் நீட்ட வேண்டாம் என்று பொன்னுதுரை அவருக்கு இரண்டு தடவை பாடம் சொன்னார். எதை நீட்ட வேண்டாம் என்கிறார் என்பது மூவருக்கும் தெரியும். அஞ்சலையால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, புள்ள அப்பன் வீட்டுக்குன்னு சொன்னீங்களே, அந்த ஒரு பேச்ச மட்டும் விட்டுடுங்க."

கிழவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அத விட்டா மத்ததும் பொய்யாயிடும், அஞ்சலை. சாமி மேல கைய வெச்சு நான் பாதி சொல்ல முடியாது."

குன்றடியில் இருந்த கோர்ட்டில் அவர் முழுவதையும் சொன்னார். கூண்டில் நிமிர்ந்து நின்று, தட்டையும் தாலியையும், அவள் தலையாட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னார். சின்னப்பாவின் லாயர் அந்தத் தலையாட்டலை நீதிபதிக்கு நன்றாகப் படும்படி மறுபடியும் சொல்ல வைத்துவிட்டு, கல்யாணங்களை முறிக்க அவருக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்டான்.

"தொரைதாங்க. தோட்டத்துப் பஞ்சாயத்த நீயே பாத்துக்கன்னு சொல்லியிருந்தாரு."

"அந்தத் துரை எங்கே?"

"மெர்டேக்காவுக்கு அப்புறம் அவரு ஊருக்குப் போயிட்டாருங்க."

யாரோ சிரித்தார்கள். கிழவரும் என்னவென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தார்.

வெள்ளைக்கார நீதிபதி நிதானமாகவே தீர்ப்புச் சொன்னார். தோட்ட நிர்வாகி ஒருவரின் அனுமதியால் நடந்த ஏற்பாட்டைத் தொன்றுதொட்டு வந்த வழக்கமாக ஏற்க முடியாது. முதல் கல்யாணம் நிற்கிறது. பஞ்சாயத்தில் தாய் கொடுத்த வாக்கு இந்தக் கோர்ட்டைக் கட்டாது. குழந்தையின் நலன் ஒன்றுதான் பெரிது. தாய் தற்போது வாழும் நிலை குழந்தைக்கு ஏற்றதல்ல. நிலை மாறினால் அவர் திரும்ப மனுச் செய்யலாம்.

கிழவர் காப்பாற்றிய உண்மையில் எந்தப் பாதியும் யாருக்கும் உதவவில்லை. அவளைக் குத்திய பாதிகூடத் தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை.

வெளியே வராந்தாவில் பொன்னுதுரை குரலைத் தாழ்த்திக்கொண்டார். நிலை மாறுவது என்றால் என்ன என்று அவள் கேட்டாள்.

"அந்தாளோட ஒரே வீட்டில இருக்கக் கூடாது. தனிய ஒரு அறை எடும். ஆறேழு மாசம் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லாதபடி இரும். பிறகு நான் பிள்ளையை வாங்கித் தாறன்."

"அதுக்கப்புறம் அவரோட போய் இருக்கலாமா?"

"போனால் பிள்ளை திரும்பவும் அங்க போகும்."

பொன்னையா குடையோடு கீழே நின்றுகொண்டிருந்தான். தமிழில் நடந்தது அவனுக்குப் பாதிதான் விளங்கியிருந்தது. மீதியை அவள்தான் மலாயில் சொல்ல வேண்டியிருந்தது. மீன் விலையும் மழையும் ஜெயாவின் காய்ச்சலும் பேசிய மலாய் அது. இதைச் சொல்லும் சொற்கள் அதில் அவளிடம் இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றுதான்: அவள் தனியாகப் போனால் ஜெயா கட்டாயம் வருமா? வரும் என்று லாயர் சொல்கிறார் என்றாள். அவன் தலையசைத்தான். மறுநாள் அவளுடைய பெட்டியைத் தானே சைக்கிளில் கட்டித் தெங்கேராவில் எடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தான். சண்டை பிடிக்கவில்லை. அவன் ஒரு வார்த்தையாவது போகாதே என்று சொல்லியிருக்கலாம் என்று பின்னால் பல நாள் அவளுக்குக் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

அவன் கட்டிய தாலியை இந்தத் தடவை அவளே தனியாகக் கழற்றினாள். சாட்சிக்கு யாரும் இல்லை, சட்டத்துக்கும் அது தேவைப்படவில்லை. அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று முன்பே முடிவாகிவிட்டது.

பொன்னுதுரை வாக்குத் தவறவில்லை. தெங்கேராவில் அக்கம்பக்கத்தார் அவளைப் பற்றி நல்லபடியாகச் சொன்னார்கள். இரண்டாவது மனுவில் குழந்தை கிடைத்தது. சின்னப்பாவும் பெரிதாக எதிர்க்கவில்லை; இரண்டாமவள் இப்போது முழுகாமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன் வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று உத்தரவில் ஒரு வரி இருந்தது. பொன்னையாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தாலும் அவனை வரச்சொல்ல அவளுக்குத் தைரியம் கிடையாது.

திரும்பி வந்த ஜெயா அதிகம் பேசவில்லை. சொன்ன வேலையை மறுபேச்சில்லாமல் செய்தது. அந்த வீட்டில் கற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். முதல் வாரம் பாபா எங்கே என்று கேட்டது. பிறகு கேட்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை சின்னப்பா வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான். அடுத்த வாரம் உள்ளே வந்தான். அதற்கடுத்த வாரம் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "கோப்பி போடு" என்றான்.

"புள்ளயப் பாக்கத்தானே வந்தீங்க? பாத்துட்டுப் போங்க."

"என்ன அஞ்சலை இப்பிடிப் பேசுற." அவனுக்குக் கோபமே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தான். "நீ என் பொண்டாட்டின்னு நானா சொன்னேன்? கோர்ட்டே சொல்லிடுச்சு. அதுக்கு நீதானே லாயர் வெச்ச?"

பக்கத்து அறையில் ஆள் இருந்தது. சுவர் பலகைச் சுவர். அவள் குரல் உயர்ந்தால் நாளைக்கு அது சண்டைக்காரி வீடு. சண்டைக்காரி வீடு குழந்தைக்கு ஏற்றதா இல்லையா என்று இன்னொரு நீதிபதி நிதானமாகச் சொல்வார். அவனைத் துரத்த அவளுக்கு எந்த வழக்கமும் இல்லை, எந்தச் சட்டமும் இல்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"சீனி போதுமா பாருங்க" என்றாள், சுவருக்குக் கேட்கும்படி.

ஜெயா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து போய் அவனிடம் கொடுத்தது.