துலுக்கானத்தின் காலில் இருந்த தகடு

துலுக்கானம் எங்கள் கள்ளிக்குப்பத்துக்காரன். அப்பன், பாட்டன் எல்லாரும் அடுத்தவன் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காக்கிச் சட்டை போட்டவன் இவன்தான். அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்த புதிதில் ஒரு பட்டறைக்குள் எடுபிடியாக நுழைந்து, ஃபிட்டராகி, எந்த மெஷினையும் பிரித்து மாட்டுகிற ஆளானான். வேலையில் சுத்தம், பேச்சில் திமிர். பிடிவாதத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபத்தெட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சைக்கிளில் போனவனை வேலப்பன்சாவடியில் லாரி இடித்துத் தள்ளியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் காலைத் திறந்து, எலும்பைச் சேர்த்து, ஸ்டீல் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். பார்க்கப் போன என்னிடம் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினான்.

"பாத்தியா மாமே, நம்ம வேலதான். தகடு வச்சு முடுக்கிக்கீறாங்க" என்றான். அப்படி ஒரு பெருமை அவனுக்கு.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் தையல் தழும்பின்மேல் ஒரு கொப்புளம் கிளம்பி உடைந்து சீழ் வந்தது. ஊசி போட்டார்கள், மூடிக்கொண்டது. ஊசியை நிறுத்தியதும் மறுபடி திறந்தது. இப்படியே மூடுவதும் திறப்பதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அதற்குள் அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். பெண்டாட்டி பொன்னியம்மா நச்சரித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனபோது நானும் கூடப் போனேன்.

"எலும்பு நல்லா ஒட்டிடுச்சுப்பா. இனிமே தகட்டை எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "கிருமி அதுமேலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. தண்ணித் தொட்டியில வழவழன்னு பாசி பிடிக்குமே, அந்த மாதிரி. மருந்து ரத்தத்தோடதான் போகும். இரும்புல ரத்தம் ஏது? சதையில இருக்கிற கிருமி செத்தாலும் தகட்டுல இருக்கிறது தப்பிச்சுக்கும். அதை எடுக்காம புண்ணு ஆறாது."

"எடுத்துட்டா காலு இன்னாத்துல நிக்கும்?"

"எலும்புலதான்."

துலுக்கானம் சிரித்தான். "எந்த ஊர்ல டாக்டரு, போல்ட்டைக் கழட்டினப்புறம் ஜாயிண்ட்டு நிக்கும்?"

அவன் தொழிலில் அதுதான் நியாயம். உடைந்த இரும்பு வார்ப்பு தானாக ஒட்டி அவன் பார்த்ததில்லை. முடுக்கினது நிற்கும், கழற்றினது விழும். போதாக்குறைக்கு, அது துருப்பிடிக்காத ஸ்டீல். துருவே பிடிக்காததில் கிருமி எங்கிருந்து பிடிக்கும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாதாடினான். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்குப் போகவே இல்லை.

அதன்பிறகு அவன் வாழ்ந்தது சிறைவாசம்தான். நின்றால்தான் வேலை, வேலை இருந்தால்தான் சோறு. காலையில் எழுந்ததும் விரல் முட்டியால் தகட்டின்மேல் தட்டிப் பார்ப்பான். பட்டறையில் போல்ட்டுகளைச் சோதிக்கிற அதே தட்டல். பிறகு சீழில் ஊறிய துணியை மாற்றி, பவுடரைக் கொட்டி, பேண்ட்டை மாட்டுவான். ஆனாலும் நாற்றம் காட்டிக்கொடுத்தது. கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல நகர்ந்தார்கள். பஸ்ஸில் காற்று வருகிற படிக்கட்டோரமே நின்றான். கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டான். காய்ச்சல் வந்தால் நெமிலிச்சேரியிலிருந்து ஒரு கம்பவுண்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார்.

பொன்னியம்மா தினமும் அந்தத் துணிகளைக் கொதிக்க வைத்து அலசினாள். ஒருநாள் என் எதிரிலேயே அவள் உடைந்து அழுதாள். "எடுத்துத் தொலைய்யா. ஒன் காலைக் கும்புடுறேன்."

"எடுத்தா வுழுந்துடுவேன். எடுக்கலன்னா நாறிகினு கிடப்பேன். நான் இன்னாதான்டி பண்றது?" என்றான் அவன். அன்றைக்குத்தான் அவன் பயத்தை நான் பார்த்தேன். அதுவரைக்கும் அதைத் திமிர் என்றே நினைத்திருந்தேன்.

எழுபத்தைந்து மழைக்காலத்தில் காய்ச்சல் ஊசிக்கு அடங்கவில்லை. கால் தொடைவரை வீங்கிவிட்டது, அவன் பிதற்ற ஆரம்பித்தான். இனி அவனைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? டாக்ஸி பிடித்துப் போனோம். அன்றே தகட்டை எடுத்துவிட்டார்கள்.

அவனுக்கு நினைவு தெளிந்த பிறகு டாக்டர் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். கழுவின தகடு புதுசு மாதிரி மின்னியது. துலுக்கானம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். துரு இல்லை, அழுக்கு இல்லை.

"கண்ணுக்குத் தெரியாதுப்பா" என்றார் டாக்டர்.

"கழட்ட ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா? டைட்டா இருந்திருக்குமே."

"இல்லப்பா. ஸ்க்ரூ எல்லாம் கையோட வந்துடுச்சு. சீழ் பிடிச்ச எலும்புல ஸ்க்ரூ நிக்காது. லூஸாகி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்."

துலுக்கானம் ஒரு ஸ்க்ரூவை எடுத்து அதன் மரையை நகத்தால் தடவினான்.

"அப்போ இத்தினி வருஷமா நான் இன்னாத்துல நின்னுகினு இருந்தேன்?"

"உன் எலும்புலதான்."

"அது இப்போ எப்டி கீது?"

டாக்டர் பொன்னியம்மாவைப் பார்த்தார். அவளிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். எலும்பைச் சீழ் அரித்துவிட்டது, காலை வைத்திருந்தால் ஆள் மிஞ்சமாட்டான் என்று. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துலுக்கானத்துக்குப் புரிந்துவிட்டது.

ஸ்க்ரூவைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, போர்வைக்கு மேலே அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பொன்னி, இது நல்லாத்தான் தாங்கிகினு இருந்துது" என்றான்.

மறுநாள் அதை எடுத்துவிட்டார்கள்.