பெரோவும் பெர்ரோவும்

ஸ்பானிஷ் மிஸ் குரலை உயர்த்தி அந்தப் பள்ளியில் பதினோரு வருடமாக யாரும் கேட்டதில்லை. அவளுக்கே அந்த மொழி ரேடியோப் பாட்டில்தான் வந்தது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கும் பாட்டாகத்தான் சொல்லிக் கொடுப்பாள். 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதற்கு மேசையில் ஒரே தட்டு. 'பெர்ரோ' என்றால் நாய். அதற்கு விரல்கள் படபடவென்று உருள, நாக்கும் கூடவே உருள வேண்டும்.

"இது என்ன கச்சேரியா? புத்தகத்தைப் பாத்துப் படிக்கச் சொல்லுங்க" என்று போன மாதம் பிரின்ஸ்பால் பாட்டை நிறுத்திவிட்டார்.

இன்று வாய்மொழித் தேர்வு. "என் அப்பா நல்லவர், ஆனால் கோபக்காரர்" என்று ஸ்பானிஷில் சொல்ல வந்த சிறுமிக்குப் பயத்தில் நாக்கு உருண்டுவிட்டது. "என் அப்பா நல்லவர், நாய், கோபக்காரர்" என்றாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிரித்தார். குழந்தை வெடித்து அழுதது.

"என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று பிரின்ஸ்பால் சீறினார்.

ஒரு மாதமாக மிஸ் அடக்கி வைத்ததெல்லாம் தொண்டையை உடைத்துக்கொண்டு வந்தது. "பாட்டை நிறுத்துனது நீங்க சார், அழறது அவ! எங்க, நீங்க சொல்லுங்க பாப்போம், பெர்ரோ!"

"பெ... பெரோ."

"நாயைக் கூப்பிடச் சொன்னா 'ஆனா'ன்னு இழுக்குறீங்களே!"

தேர்வாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னையிலேருந்து பாட்டு இருக்கும். இல்லன்னா நான் இருக்க மாட்டேன்."

பிரின்ஸ்பால் நெற்றியைத் துடைத்தார். "சரிம்மா, பாடுங்க. கதவை மட்டும் சாத்திக்கோங்க."

கன்னத்தில் வழிந்த கண்ணீரைக்கூடத் துடைக்காமல் மிஸ் வகுப்புக்குள் போனாள். கதவோடு சேர்த்து ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்தாள்.