துடைக்க எடுத்த போன்

சுனாமிக்கு மறு வருஷம் மரக்காணத்தில் ஒரு நிவாரண ஆபீசில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தேன். உப்பளக் காற்றில் அங்கே எல்லாமே பிசுபிசுக்கும். போனைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பேன்.

அன்று கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் செல்வி, வீடு இழந்தவர்களின் பட்டியலைச் சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல யாரும் பிரிச்சுப் பார்க்க முடியாது ஆயா, பூட்டித்தான் போவுது. அஞ்சு மணிக்குள்ள போயிடணும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

நான் துடைப்பதற்காக ரிசீவரைத் தூக்கினேன். உள்ளே கீச்சென்று இரைச்சல் கேட்டது. பயந்து வைத்துவிட்டேன்.

திரும்பி வந்த செல்வி, "லைன் கட்டாயிடுச்சே. போன் லைன்லதான் போய்க்கிட்டிருந்தது. நீங்க போனை எடுத்தீங்களா ஆயா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

மறுபடி லைன் கிடைப்பதற்குள் ஐந்து மணி தாண்டிவிட்டது. எங்கள் ஊர்ப் பட்டியல் நிவாரணப் பணத்தின் அடுத்த தவணைக்குத் தள்ளிப்போனது.

"சீட்டை வுட்டு எதுக்கும்மா எழுந்த? நாளையிலேர்ந்து வராத" என்றார் மேனேஜர்.

செல்வி என் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். "என் தப்புதான் சார்" என்றாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். ஆம்பளைகள் முன்னால் பேசிப் பழக்கமில்லை என்பதெல்லாம் சாக்கு. என் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

புறப்படும் முன் செல்வி, 'பட்டியல் போகும்போது போனை எடுக்கக் கூடாது' என்று எழுதிப் போனுக்கு மேலே ஒட்டினாள்.

"பெரிய எழுத்தா எழுதியிருக்கேன் ஆயா. படிக்க முடியுதா?"

"முடியுதும்மா" என்றேன்.

அன்று அவளிடம் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.