கண்ணாடியில் விழுந்த முழங்கை

தாழம்பூ வாசனை என்றால் எனக்கு இன்னமும் அக்காவின் சிநேகிதி கமலாவின் பின்னல்தான்...

உறுவையாறு கிராமத்தில் அவளுடைய வளைகாப்பு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பூத் தைத்த பின்னல் படத்தில் தெரிய வேண்டும் என்று அவள் முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடியை நிறுத்தினார்கள். எடுத்தது என் அக்கா. அத்தான் சைகோனிலிருந்து அனுப்பிய பெட்டி கேமரா. அறையில் ஆண்கள் யாரும் இல்லை. அதனால்தான் கமலாவின் அம்மா சம்மதித்தார்.

ஃபிலிமைக் கழுவப் புதுச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். பார்த்தால், கண்ணாடி ஓரத்தில் அக்காவின் முழங்கையும் வளையல்களும் விழுந்திருந்தன. அக்காவுக்கு ஒரே வெட்கம்.

"கெட்டுப்போச்சுடி. அவகிட்ட சொல்லாத. கொழந்த பொறந்ததும் வேற எடுத்துக் குடுக்கலாம்."

நெகடிவை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

மறுவருடம் அந்தப் படம் காலண்டராக வந்தது. வில்லியனூரில் சாராயக்கடைச் சுவரில் தொங்கியது. கீழே, படம் எடுத்தவர் என்று ஸ்டுடியோக்காரரின் பெயர். முழங்கை இருந்த இடத்தில் தூரிகையால் ஒரு மல்லிகைக் கொத்து.

கமலாவின் புருஷன் அதைப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையோடு அவளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டான். "எவனோ ஒருத்தன் முன்னாடி போய் நின்னவ இங்க வரவேணாம்" என்றாராம் மாமியார்.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு வண்டி கட்டிப் போனாள்.

"நெகடிவ் எங்ககிட்ட இருக்குது. அப்ப படம் எங்களுதுதானே?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"சட்ட தைக்கக் குடுத்தா, துணி தையக்காரனுதாயிடுமா?"

"இன்னாம்மா இது... நல்லா இருந்துச்சு, போட்டோம். நாலு பேர் பாத்து சந்தோஷப்படட்டுமே."

"உங்க வூட்டுப் பொண்ணு படத்தப் போடுங்க. நாலு பேர் பாக்கட்டும்."

அவர் உள்ளே போய் நெகடிவை எடுத்துவந்து மேசைமேல் போட்டார். அக்கா நகரவில்லை.

"ஒரு காப்பி போட்டுக் குடுங்க. எதையும் அழிக்காம. என் முழங்கையோட."

அக்கா அதைக் கொண்டுபோய்க் காட்டியதும், கமலாவின் மாமியார் அந்த வளையல் கையை வெகுநேரம் பார்த்தாராம். மறுநாள் அவளை அழைத்துப்போக வண்டி வந்தது. ஒரு பெண் தன் வீட்டுக்குத் திரும்ப, இன்னொரு பெண்ணின் முழங்கை வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதை அழித்த மனிதர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

அன்று எங்கள் பக்கத்து ஊர்களில் கேமராவைப் பார்த்தவர்களே குறைவு. இன்று பத்திரிகையில் பக்கத்துக்கொரு படம். பழைய படங்களை யார் யாரோ எடுத்துப் போடுகிறார்கள். எடுத்தவர் யார், படத்தில் இருப்பவரைக் கேட்டார்களா... ஒரு வரி இருக்காது.

போன வாரம் பாகூர் மளிகைக்கடையில் மறுபடியும் கமலாவைப் பார்த்தேன். புதுக் காலண்டர். கீழே இப்போது வேறு யாருடைய பெயரோ. மல்லிகைக் கொத்து மட்டும் அப்படியே இருந்தது.

ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு நடந்தேன்.

பின்னாலேயே கடைக்காரர் குரல் வந்தது.

"இன்னாம்மா, அடுத்தவங்க பொருள... ஒரு வார்த்த கேக்காம எடுத்துக்கினு போறியே?"