கெண்டைக்கால் சொன்ன சேதி

அடையாறு பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். மைதானத்தை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை... தைல பாட்டிலையும் துண்டையும் பெஞ்சில் வைத்துவிட்டு நானாகத்தான் வந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், எந்த வேலையிலும் ஒரு வருடம் தாண்டாதவன். இந்த முறை ஒரு கூடைப்பந்து அணியில் ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடும் வேலை. ஏழு மாதம் ஓடியது.

நான் பாலத்தில் நடந்தது இரண்டு வாரம் முன்பு. அன்று ஒரே நாளில் மூன்று ஆட்டம். மூன்றாவதைப் பார்க்க ஓர் அரசுத் துறை அணியின் தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். எங்கள் ஜீவாவை அவர்களுக்குப் பிடித்துப்போனால் நிரந்தர வேலை. அடுத்த வருடம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அந்த ஓர் ஆட்டம்தான்.

ஆட்டத்துக்கு முன் காலை நீட்டினான். கெண்டைக்காலில் கை வைத்தேன். தோலுக்கு அடியில் தசை தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஷூ கட்டிக்கொண்டிருந்த இன்னொரு ஆட்டக்காரன் எட்டிப் பார்த்தான். "மச்சி, காலு தனியா டான்ஸ் ஆடிக்கினு கீது. ரீல்ஸ் எடுத்துப் போடட்டா?"

"மூடிக்கினு போடா" என்றான் ஜீவா.

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

"காலைல ஒரு வாழைப்பழம். வயிறு வெயிட்டா இருந்தா ஜம்ப்பு வராதுண்ணா."

எங்கள் அணியில் எல்லோருக்கும் இதே நம்பிக்கை. ஆட்டத்துக்கு நடுவே சாப்பிட்டால் உடம்பு கனக்கும். சோர்வு என்பது காலில் தேங்கும் ஆசிட். அழுத்தித் தேய்த்தால் இறங்கிவிடும். நானும் அப்படித்தான் நம்பினேன். இல்லாவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் அன்று எவ்வளவு தேய்த்தும் துடிப்பு நிற்கவில்லை. ஜீவா குனிந்து என் காதருகே சொன்னான். "அண்ணா, சாரு கேட்டா ஓகேனு சொல்லுண்ணா. இன்னிக்கு உக்கார வச்சுட்டாருன்னா அவ்ளோதான்."

கோச் வந்தார். "இன்னாப்பா, தாங்குவானா?"

"தாங்குவான் சார். தேய்ச்சு இறக்கிட்டேன்."

என் கைக்குத் தெரிந்ததற்கு நேர்மாறாக வாய் பேசியது.

மூன்றாவது குவார்ட்டர். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு ஜீவா எகிறினான். பாதி உயரம்கூடப் போகவில்லை. கீழே வந்தபோது ஒரு சத்தம் கேட்டது — தடித்த துணியைக் கிழிப்பது போல. கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது.

முதலில் ஓடி வந்தது எதிர் அணியின் பிசியோதெரபிஸ்ட், ஓர் இளம்பெண். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "ஆட்டத்துக்கு முன்னாடி கால் எப்படி இருந்தது?"

சொன்னேன். காலையில் அவன் ஒரு வாழைப்பழம்தான் சாப்பிட்டான், நான் தேய்த்து இறக்கிவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

"எதை இறக்குனீங்க? அது என்ன அழுக்கா, தேய்ச்சா போறதுக்கு? ரெண்டு மேட்ச்ல தசைல இருந்த சர்க்கரை முக்கால்வாசி எரிஞ்சிருக்கும். வயித்துலயும் ஒண்ணும் இல்ல. கால் களைச்சுப்போச்சுன்னு அதுவே சொல்லியிருக்கு. நீங்க தேய்ச்சதுல அவருக்கு வலி மறந்திருக்கும்... அவ்வளவுதான்."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ஜீவா என் மணிக்கட்டைப் பிடித்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "தப்பா எடுத்துக்காதண்ணா. நான்தானே சொல்லச் சொன்னேன்" என்றான்.

அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. தேர்வாளர்கள் நோட்டை மூடியதை வெளியே வரும்போது பார்த்தேன்.

மந்தைவெளி, மயிலாப்பூர் என்று நடந்து திருவல்லிக்கேணியில் என் மேன்ஷன் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓய்வு கேட்கிறவனை நாம் எப்போது மதித்திருக்கிறோம்? இன்னும் கொஞ்சம் தாங்கு என்போம். தாங்கினால் கைதட்டுவோம். தாங்காமல் போனால் அவன் விதி என்று நகர்ந்துவிடுவோம்... நானும் நகர்ந்துதானே வந்தேன்?

மறுநாள் காலை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பத்து பேருக்கு மேல் ஏறினால் மணி அடிக்கும், நகராது. பதினோரு மணிக்கு ஒரு கல்யாணக் கோஷ்டி பன்னிரண்டு பேராக நெருக்கி ஏறியது. மணி அடித்தது.

"ஒரு மாடிதானே, அட்ஜஸ்ட் பண்ணுப்பா" என்று கெஞ்சினார் ஒரு பெரியவர்.

"முடியாது சார். ரெண்டு பேர் இறங்கிக்கோங்க" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு நாள் தாமதம்.